ராஜாவான சார்ஜென்ட், பெயரில்லாத நாயக்

கடலூர் முதுநகரில் எனக்கொரு மாமா இருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் அவில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் வழி கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். ‘அவில்தார் வீடு’ என்று கேளுங்கள், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். பதவி, பெயரைச் சாப்பிட்டுவிட்ட கேஸ்!

சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, ஸ்வீடன் ராஜா தெரியுமா உனக்கு?”

“நோபல் பரிசு கொடுப்பாரே, அவரா?”

“அவரேதான். அந்த வம்சத்தோட முதல் ராஜா நம்ம கடலூர்ல சண்டை போட்டவன். அப்ப அவன் ராஜா இல்ல, பிரெஞ்சுப் படையில சார்ஜென்ட். சார்ஜென்ட்னா என்ன? நம்ம கணக்குல அவில்தார். என் ரேங்க்!” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

இது மாமா கிளப்பிவிட்ட கதையல்ல. கடலூர்க்காரர்கள் சிலர் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு கெட்டி அட்டைப் புத்தகமே ஆதாரம். எழுதியவர் மார்க் வில்க்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி, மைசூரில் ரெசிடென்ட்டாக இருந்தவர். பிறகு செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். 1815-ல் நெப்போலியனைக் கைதியாகக் கொண்டுவந்து இறக்கினார்களே, அந்தத் தீவு, அந்தச் சமயம். அவர் எழுதிய ‘ஹிஸ்டாரிகல் ஸ்கெட்சஸ் ஆஃப் தி சவுத் ஆஃப் இந்தியா’ 1810-லும் 1817-லுமாக மூன்று பாகங்கள் வந்தது. ஹைதர், திப்பு பற்றி எழுத உட்காருகிறவர்கள் இன்றும் தாண்ட முடியாத புத்தகம்.

அதில் வரும் கதை இது.

1783 ஜூன் மாதம். கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருக்கிறது. உள்ளே தளபதி புஸ்ஸி. வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயர்கள் முற்றுகை போட்டிருக்கிறார்கள். ஜூன் 13-ம் தேதி நடந்த சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். 25-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே பாய்ந்து தாக்கினார்கள். அது பலிக்கவில்லை. காயத்தோடு பிடிபட்டவர்களில் ஓர் இளம் பிரெஞ்சு சார்ஜென்ட். பையனின் முகக்களையைப் பார்த்து மனம் இளகிய கர்னல் வாங்கன்ஹைம், அவனைத் தன் கூடாரத்துக்கே கொண்டுவரச் சொல்லி, குணமாகும்வரை வைத்துக் கவனித்தார். வருஷங்கள் ஓடின. ஜெர்மனியில் ஹனோவர் நகரை பிரெஞ்சுப் படை பிடித்தது. வயதான வாங்கன்ஹைம், வென்றவரைப் பார்த்து மரியாதை செலுத்தப் போனார். அங்கே மார்ஷல் உடையில் நின்றவர் கேட்டார், ‘கடலூர் சார்ஜென்ட்டை ஞாபகம் இருக்கிறதா?’ அவர்தான் பெர்னடாட். 1818-ல் ஸ்வீடன் ராஜா. இன்றைக்கும் அங்கே சிம்மாசனத்தில் இருப்பது பெர்னடாட் வம்சம்தான்.

சினிமாவாக எடுத்தால் இடைவேளைக்குப் பிறகு தியேட்டரே அழும்.

ஒரே ஒரு சிக்கல். கதை நடந்திருக்க முடியாது!

பெர்னடாட் பட்டாளத்தில் சேர்ந்தது 1780. முதலில் அனுப்பப்பட்டது கார்சிகா தீவுக்கு. அவர் சார்ஜென்ட் ஆனது 1785-ல். அதாவது கடலூர்ச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து. கடலூரில் கிடந்தவன் சார்ஜென்ட் என்றால் அவன் பெர்னடாட் இல்லை. பெர்னடாட் என்றால் அவன் அப்போது சார்ஜென்ட் இல்லை. பொய்யைக் காட்டிக்கொடுத்தது எது பாருங்கள்... மாமா நெஞ்சைத் தட்டிக்கொண்டாரே, அதே ரேங்க்!

வில்க்ஸ் வேண்டுமென்றே புளுகினார் என்று நான் சொல்லவில்லை. யாரோ சொன்னதை நம்பி எழுதியிருப்பார். எனக்கு அவர்மீது இருக்கும் குறை வேறு. அதே 25-ம் தேதிச் சண்டையில் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கி ஈட்டிக்கு எதிரே ஈட்டியோடு நின்றார்கள். ஐரோப்பியப் படை வந்தால் சிப்பாய் ஓடிவிடுவான் என்று நினைத்திருந்த துரைமார்கள் வாயைப் பிளந்த நாள் அது. அந்த வரிசையைக் கலையாமல் பிடித்து நிறுத்தியது யார்? எந்தப் படையிலும் அது கர்னல் வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு பேரைப் பெயர் சொல்லி அதட்டி, தோளைப் பிடித்து நிறுத்துகிற அவில்தார், நாயக் வேலை. அவர்களைப் பாராட்டி வரி இருக்கிறது. பெயர்? இல்லை. ஒரு சார்ஜென்ட்டுக்கு மட்டும் கதை கிடைத்தது. அதுவும் அவன் பின்னால் ராஜா ஆனான் என்பதற்காக. வெறும் சார்ஜென்ட்டாகவே செத்திருந்தால் அவனுக்கும் கிடைத்திருக்காது.

இன்னொரு கொடுமை கேளுங்கள். இங்கிலாந்தும் பிரான்ஸும் ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன யுத்தத்துக்காகக் கடலூர் மணலில் அத்தனை பேர் செத்தார்கள்.

* * *

அந்த நாயக்கும் அவில்தாரும் எங்கிருந்து வந்தார்கள்? தொலைவு போக வேண்டாம், தேவனாம்பட்டினம் வரை போனால் போதும். கெடிலம் ஆற்றங்கரையில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் மீதி கிடக்கிறது. 1690-ல் மராட்டியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கிய கோட்டை. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, கம்பெனிக்கு இந்தக் கரையில் தலைமையிடம் இதுதான். தப்பி ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர்.

அப்போது கோட்டையைக் காத்த உள்ளூர் ஆட்களுக்குப் பெயர் என்ன தெரியுமா? பியூன்! போர்ச்சுகீசிய மொழியில் காலாள் என்று அர்த்தம். இன்று ஃபைல் தூக்குகிறவருக்கு மிஞ்சியிருக்கும் பெயர், அன்று கத்தியும் கேடயமும் பிடித்தவனுடையது.

1748 ஜனவரியில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் என்ற மேஜர் இங்கே வந்து இறங்கினார். பியூன்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து டிரில் கொடுத்தார். அதே ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரியில் கடலூர்மீது பாய்ந்தபோது, ஊரைக் காலி செய்துவிட்டதுபோல் பாவனை காட்டிவிட்டு உள்ளே காத்திருந்து விரட்டினார். இந்திய ராணுவத்தின் தகப்பன் என்று அவரைச் சொல்வார்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆனால் லாரன்ஸ் போட்ட விதை முளைத்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் சிப்பாய்ப் பட்டாளங்கள் முறையாக அமைந்தன. ஏணியும் உருவானது. மேலே சுபேதார், அடுத்து ஜமேதார், அதற்குக் கீழே அவில்தார், நாயக், கடைசியில் சிப்பாய்.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்.

சுபேதார் என்றால் ஒரு மாகாணத்தையே ஆள்கிறவர். தக்காணத்துக்கே சுபேதாராக இருந்தவர்தான் ஹைதராபாத் நிஜாம். கம்பெனியில் சுபேதார் என்றால் சுமார் நூறு சிப்பாய்களுக்கு மூத்தவர், அவ்வளவுதான். அவில்தார் என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். மராட்டியர் கோட்டைகளில் சாவி அவர் கையில்தான். மராட்டியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கிய கம்பெனி, கோட்டைத் தலைவனின் பட்டத்தையும் சேர்த்து வாங்கி, மூன்று கோடு போட்டுச் சட்டைக் கையில் தைத்துவிட்டது!

நாயக் கதைதான் இதில் உச்சம். நாயகன், தலைவன். இந்தக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தையே ஆண்டவர்கள் செஞ்சி நாயக்கர்கள். 1590-களின் கடைசியில் சிதம்பரம் கோயிலுக்குள் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதித் திருப்பணியை, தீட்சிதர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி முன்நின்று நடத்தியவர் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர். கோயிலுக்கே உத்தரவு போட்ட பட்டம் அது. சுமார் 180 வருஷம் கழித்து என்ன ஆனது?

1781 ஜூன் 18. அதே சிதம்பரம் கோயில் அப்போது ஹைதர் அலியின் கோட்டை. கர்நாடகப் போர்கள் காலத்திலிருந்தே அந்த மதில்களுக்குள் பட்டாளம் மாறி மாறிக் குடியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், 1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு ஹைதர் வந்தார். ஜெனரல் அயர் கூட் தன் சிப்பாய்களை ஏவி மதிலைத் தாக்கினார். உள்ளேயிருந்தவர்கள் அடித்துத் துரத்தினார்கள். கூட்டுக்குப் பெரிய அவமானம். இரண்டு வாரத்தில், ஜூலை 1-ம் தேதி, பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் ஹைதரை ஜெயித்துத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புத்தகங்கள் எல்லாம் அந்த வெற்றியைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. சிதம்பரம் மதிலில் அடிபட்டு விழுந்த நாயக்குகளைப் பற்றி எனக்கு யோசிக்கத் தோன்றுகிறது. கிருஷ்ணப்ப நாயக்கரின் பட்டத்தைச் சுமந்துகொண்டு, அதே கோயிலின் மதிலில் ஏறப் போனவன். சம்பளத்துக்காக. பெயர் தெரியாது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாட்டின் மிகப் பெரிய பட்டங்களை எடுத்து, அவை அத்தனையையும் தன் ஆளுக்குக் கீழே அடுக்கினால், தனியாக எதையும் அறிவிக்கவே வேண்டாம். தலை நரைத்த சுபேதாருக்கும் மேலே, நேற்றுக் கப்பலில் இறங்கிய, மீசை முளைக்காத வெள்ளைக்கார எனசைன் இருந்தான். கோடு அங்கே போட்டாயிற்று.

பெர்னடாட்டின் பிரான்சிலும் இப்படி ஒரு கோடு இருந்தது. 1781-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நான்கு தலைமுறை பிரபு வம்சம் என்று நிரூபித்தால்தான் நேரடியாக ஆபீஸர் ஆகலாம். வக்கீல் வீட்டுப் பையனான பெர்னடாட் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சார்ஜென்ட் வரிசையிலேயே நரைத்திருப்பான். 1789-ல் புரட்சி வந்து அந்தக் கோட்டை அழித்தது. 1794-ல் அவன் ஜெனரல், 1804-ல் மார்ஷல். நம் அவில்தாருக்குப் புரட்சி வரவில்லை. இந்தியர்களுக்கு ராஜா கையெழுத்திட்ட முழு ஆபீஸர் பதவி கிடைக்க ஆரம்பித்ததே முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில்தான். அதாவது கடலூர்ச் சண்டைக்கு 130 வருஷத்துக்கு மேலான பிறகு. இதுதான் அந்த ராஜா கதையைவிடப் பெரிய கதை. வில்க்ஸ் இதை எழுதவில்லை.

* * *

‘கடலூரில் ஜெர்மன் கர்னலுக்கு என்ன வேலை?’ என்று இந்நேரம் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ், ஜெர்மனியில் ஹனோவருக்கும் அதிபதி. அங்கே திரட்டிய இரண்டு ரெஜிமென்ட்களைக் கம்பெனிக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவர்தான் வாங்கன்ஹைம். அவரோடு வந்த ஹனோவர்க் குடியானவப் பையன்களும் பெயரில்லாமல்தான் இங்கே புதைந்தார்கள்.

ஜெர்மானியர்களிடமிருந்தே இன்னொரு பாடமும் இருக்கிறது. நாயக் என்றால் தலைவன் என்று பார்த்தோமில்லையா? ஜெர்மன் ராணுவத்தில் சார்ஜென்ட் ரகத்துக்குப் பழைய பெயர் ‘உன்டர்ஆஃபிஸியர்’, கீழ் அதிகாரி. ஒளிவு மறைவில்லாத பெயர். 1920-களில் நாஜிக் கட்சி, ராணுவத்துக்கு வெளியே எஸ்.ஏ., எஸ்.எஸ். என்று தனக்கென்று படைகளை வளர்த்தது. ராணுவப் பெயர்கள் வேண்டாமென்று புதுப்பெயர்கள் சூட்டியது. ‘ரோட்டன்ஃபியூரர்’, ‘ஷார்ஃபியூரர்’. ஒரு வரிசைக்குத் தலைவன், ஒரு சிறு கூட்டத்துக்குத் தலைவன். மேலே ஒரு ஃபியூரர், கீழே ஐந்தாறு பேரை மேய்க்கிறவனும் ஒரு ஃபியூரர். இத்தனைக்கும் பெரிய ஃபியூரர் ஹிட்லர் முதல் உலகப் போரில் சார்ஜென்ட்கூட ஆனதில்லை!

கம்பெனி, தலைவன் என்ற சொல்லை எடுத்து மனிதனைச் சிறியவனாக்கியது. நாஜிகள் அதே சொல்லைக் கொடுத்துச் சிறியவனைப் பெரியவன் என்று நம்ப வைத்தார்கள். அந்த நம்பிக்கையோடு அவன் என்னென்ன செய்தான் என்று உலகத்துக்குத் தெரியும். ‘மேலிடத்து உத்தரவு, நான் சின்ன ஆள்’ என்ற சமாதானத்தை 1946-ல் நூரம்பர்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. எஸ்.எஸ். குற்ற அமைப்பு என்று தீர்ப்பானது. அந்தப் பட்டங்களும் செத்தன. 1955-ல் மேற்கு ஜெர்மனி புதிய ராணுவம் தொடங்கியபோது பழைய கீழ் அதிகாரியையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

நம்மிடம் பழைய பட்டங்கள் சாகவில்லை. 1965-ல் ஜமேதார் மட்டும் நாயிப் சுபேதார் ஆனார். மற்றவை அப்படியே இருக்கின்றன. ராணுவத்தோடு நிற்கவுமில்லை. 1921-ல் ராணுவ பாணியில் தொடங்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸுக்குள்ளும் அவில்தார் புகுந்தார். சாதாரண போலீஸில் 1859-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். ஹெட் என்பதை நம் ஜனங்கள் நாக்கில் போட்டு மென்று ‘ஏட்டு’ ஆக்கி, பயத்தில் ஒரு ‘ஐயா’வும் சேர்த்தார்கள். ஏட்டையா!

நம் சினிமாவைப் பாருங்கள். விறைப்பாக நடக்கும் ஹீரோ ஐ.பி.எஸ்., குறைந்தபட்சம் சப் இன்ஸ்பெக்டர். ஏட்டையாவுக்குத் தொப்பையும் காமெடியும். ‘விடுதலை’ (2023) மாதிரி ஒரு கான்ஸ்டபிளை நடுவில் நிறுத்திய படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு லாக்கப்பில் இருக்கும் ஏழைக்கு அந்தக் காமெடி ஏட்டுதான் அரசாங்கம். ‘ஜெய் பீம்’ (2021) படத்துக்கு மூலமான சம்பவம் 1993-ல் நடந்தது இன்றைய கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. கீழ் ரேங்க் என்பதால் ஒருவர் அப்பாவி ஆகிவிட மாட்டார். அவரும் ஒரு முடிவு எடுக்கிறார். அப்படியானால் நல்லதைச் செய்தபோதும் அவர் பெயரை எழுத வேண்டுமில்லையா? குற்றப்பத்திரிகையில் மட்டும் பெயர், சரித்திரத்தில் ரேங்க் என்றால் என்ன நியாயம்?

எழுத முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்த சிப்பாய்த் தலைவர்கள் ஷேக் ஹசனும் அப்துல் ரகுமானும் அதில் பெயரோடு நடமாடுகிறார்கள், கோபப்படுகிறார்கள், பணம் கேட்கிறார்கள். மனிதர்களாக இருக்கிறார்கள். வில்க்ஸிடம் இல்லாத ஒன்று பிள்ளையிடம் இருந்தது. அவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் மாமாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ரிட்டையர் ஆன பிறகு அவர் ஒரு பேங்க் வாசலில் மறுபடி காக்கி போட்டுக்கொண்டு செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். தேதிகளை எல்லாம் சொன்னேன். 1783, 1785. பெர்னடாட் கடலூருக்கு வரவே இல்லை.

கோபப்படுவார் என்று நினைத்தேன். மாமா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி மாப்ளே, அவன் ராஜா இல்ல. அப்ப அடிபட்டுக் கிடந்தானே ஒரு சார்ஜென்ட், அவன் யாரு?”

என்னிடம் பதில் இல்லை.

“ராஜா பேரை வச்சு, அவன் பேரையும் தொலைச்சிட்டீங்க” என்றார் அவில்தார் மாமா.